முப்பது அம்பியரில் இரண்டு வீடு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். பெண்ணைப் பெற்றவர்கள் வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அங்கே ஒதுங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் கல்லடி என்ற ஊருக்கு வந்து சேர்ந்தேன், ஒரு பெட்டியும் கணிதப் பட்டமுமாக. பெட்டியைக் கறையான் தின்றுவிட்டது. பட்டம் மட்டும் பழுதாகாமல் இருந்தது. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

மனைவியைப் பெற்ற மாமாவும் மாமியும் பின்வீட்டுக்குப் போன காலத்தில் அதற்கென்று தனியாக மின்சாரம் எடுக்கவில்லை. முன்வீட்டு மெயின் போட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து, நடுவில் நின்ற மாமரத்தோடு கட்டி, பின்வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தற்காலிகம் என்றுதான் பேச்சு. பிறகு மாமா காலமாகிவிட்டார். மாமரமும் ஒரு புயலில் சரிந்துவிட்டது, இப்போது அந்த இடத்தில் ஓர் இரும்புக் குழாய் வயரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. தற்காலிகம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த வயரின் நுனியில் மாமி ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, தண்ணீர் மோட்டரின் சுவிட்ச் என்று வாழ்ந்துவந்தார். கிணறு பின்பக்கம் என்பதால் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றுவது அவர் பொறுப்பு.

மகளுக்குக் கலியாணம் பேசி முற்றானபோது முறை எனக்கு வந்தது. முன்வீடு இனி மகளுக்கு. நானும் மனைவியும் பின்வீட்டில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டிக்கொண்டு மாமியோடு இருப்பது என்று ஏற்பாடு. மாப்பிள்ளை கட்டாரில் வேலை செய்கிறவர். நல்ல பிள்ளை, வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய தாய்தான் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அவனுக்கு அங்க ஏசியிலயே இரிந்து பழகித்து. இஞ்ச வந்தா வெக்கையில துடிச்சுப்போறான்." பெண்ணைப் பெற்றவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொல்வதில்லை. அறைக்கு ஒன்று, ஹோலுக்கு ஒன்று என்று இரண்டு ஏசி போடுவதாக முடிவாகியது.

அடுத்த நாள் மத்தியானம் மனைவி சோற்றைப் போட்டபடியே சொன்னாள்.

"அம்மா பெரியகல்லாத்துக்குப் போகப்போறாவாம்."

"போய்த்து வரட்டுமே. எத்தின நாளைக்கு?"

"வரமாட்டாவாம். தம்பிட வீட்டயே இரிக்கப்போறாவாம். ரெண்டு ஏசியும் போட்டா பின்வீட்டுக்குக் கரண்ட் காணாதாம். நாமளும் அங்க போனா இன்னும் காணாதாம்."

தம்பி வீடு என்று பேச்சுக்குச் சொல்வது. அது என் மைத்துனரின் மனைவியுடைய வீடு. அதன் பின்பக்கத்தில் அந்தப் பெண்ணின் தாய் ஏற்கெனவே இருக்கிறார். மாமி அங்கே போனால் இன்னொருத்தியின் வளவில், இன்னொருத்தியின் குசினியில், கடைசிவரைக்கும் விருந்தாளி. கேட்டுத் தேத்தண்ணி குடிக்க வேண்டிய இடம். புருஷன் கட்டிய வீட்டை விட்டு, கரண்ட் காணாது, போதாது என்ற ஒரே காரணத்துக்காக அவர் அங்கே போகப்போகிறார். சொல்லும்போது மனைவியின் கை அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. மாமிக்காக வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில், இந்த வீட்டில் கரண்ட் காணுமா காணாதா என்பதை என்னைக் கேட்காமலே ஒருவர் முடிவுசெய்துவிட்டாரே என்பதுதான் முதலில் சுட்டது. காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். பென்சன் எடுத்தபின் என்னிடம் யாரும் ஒரு கணக்கும் கேட்டதில்லை. சந்தைக்குக்கூட மனைவிதான் போவாள், நான் போனால் பேரம் பேசத் தெரியாமல் வந்துவிடுவேனாம்.

"காணும், காணாது எண்டு வாயால சொல்லப்படாது. கணக்குப் பாக்கவேணும்," என்றேன். "மாமியப் பெட்டி கட்டவேணாம் எண்டு சொல்லு. ஒரு கிழமை, ஏழே நாள் தாங்க எனக்கு. ஒருத்தரும் எங்கயும் போகத் தேவையில்லை எண்டு காட்டுறன்."

எங்கள் வீட்டு இணைப்பு முப்பது அம்பியர். அதற்கு மேல் இழுத்தால் மீற்றருக்குப் பக்கத்திலுள்ள பிரேக்கர் விழும். ஆகவே இப்போது எவ்வளவு இழுக்கிறோம் என்று கண்டுபிடித்து முப்பதிலிருந்து கழித்தால், கையில் மிச்சம் இருப்பது தெரிந்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யும் வேலை.

முதலில் நேரான வழியில் போனேன். எல்லாச் சாமானையும் திருப்பி, முதுகில் எழுதியிருப்பதை வாசித்து, அம்பியராக மாற்றிக் கூட்டினேன். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் ஒன்பது, கேக் அவிக்கும் 'அவன்' அடுப்பு ஒன்பது, மோட்டர் ஐந்து, சோறு சமைக்கும் குக்கர் நாலு என்று போய், ஏசி இல்லாமலே முப்பதைத் தாண்டி எங்கேயோ நின்றது. அந்த விடை எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காத விடை வந்தால் வழியை மாற்றுகிற பிள்ளைக்கு நான் வகுப்பில் முட்டை போட்டிருக்கிறேன். இப்போது அதைத்தான் செய்தேன். எல்லாவற்றையும் யார்தான் ஒரே நேரத்தில் போடுகிறார்கள்? உண்மையில் என்ன ஓடுகிறது என்று அளந்து பார்ப்பதுதான் விஞ்ஞானம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அதில் பிழையும் இல்லை. உலகத்தில் வீடுகளை அப்படியும் அளக்கிறார்கள்.

கூட்டாளி ஒருவரிடம் கிளாம்ப் மீற்றர் இருந்தது. நண்டுக் கால் போல வாயைத் திறந்து வயரைக் கவ்விக்கொள்ளும், எத்தனை அம்பியர் போகிறது என்று முகத்தில் காட்டும். அதை இரவல் வாங்கிவந்து விறாந்தையில் மெயின் போட்டின் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். காலையில் இருந்தேன், சமைக்கிற நேரம் இருந்தேன், பின்னேரம் விளக்கு வைக்கிற நேரமும் இருந்தேன். ரோட்டால் போனவர்கள், "என்ன சேர், காவலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆராய்ச்சி என்று சொன்னேன்.

"ஒருத்தரும் எனக்காக ஒண்டையும் மாத்தவேணாம். வழமைபோல இரிங்க," என்று வீட்டாருக்குக் கட்டளை போட்டிருந்தேன். அவர்களும் வழமைபோலத்தான் இருந்தார்கள். பின்பக்கத்திலிருந்து மாமி, "புள்ளேய்!" என்பார். குசினியிலிருந்து மனைவி கொஞ்சம் பொறுத்து, "ஓம்மா!" என்பாள். பிறகு ஒரு நேரம் மறுபடியும் "புள்ளேய்!", இங்கிருந்து "சரிம்மா!" நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்கும் சத்தம் இது. காகம் கத்துவதைப் போலக் காதில் விழும், கவனத்தில் விழாது. அன்றைக்குக் கதிரையில் சும்மா இருந்ததால் கவனித்தேன். தாயும் மகளும் ஒருவரையொருவர் எப்படித் தேடிக்கொள்கிறார்கள், என்ன பாசம் என்று நினைத்து, கொஞ்சம் நெகிழ்ந்தும் போனேன். மீற்றர் அந்த நேரம் பதினொன்றைக் காட்டியது.

அந்தக் கிழமை முழுவதும் அது ஒருதடவைகூடப் பதினேழைத் தாண்டவில்லை. முப்பதில் பதினேழு போனால் பதின்மூன்று. இரண்டு ஏசிக்கும் பன்னிரண்டு. இன்னும் ஒரு அம்பியர் மிச்சம்! அதோடு, நினைவு தெரிந்து எங்கள் பிரேக்கர் விழுந்ததும் இல்லை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? மனைவியையும் மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து விளங்கப்படுத்தினேன். மகள் கைப்பேசியைப் பார்த்தபடி, "சூப்பர் அப்பா," என்றாள். மாமி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னோடு அவர் நேருக்கு நேர் பேசுவது குறைவு. மருமகனோடு அளவாகத்தான் பேசவேண்டும் என்று வளர்ந்தவர். என்னைத் 'தம்பி' என்றுதான் குறிப்பிடுவார். மகளைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி படிச்சவர். அவர் பாத்துச் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும். அப்ப நான் போகல்ல."

அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நான் பல நாள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

ஏசியைச் சுவரில் பொருத்திப் பூட்ட வந்தவர் என்னிடம் படித்தவர். போட்டைத் திறந்து பார்த்து, "பின்வீட்டு லைனும் இதிலதானே சேர் வருது. லோட் தாங்குமா?" என்று கேட்டார். பதின்மூன்று மிச்சம் என்றேன். "சேர் பாத்தா அப்பச் சரி," என்று ஏணியில் ஏறிவிட்டார். பரீட்சையில் இரண்டு தரம் கணக்கில் தவறியவர். அவராவது என்னை நம்பாமல் இருந்திருக்கலாம்.

வீடு பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாவிப் பக்கத்திலிருந்து ஒரு சொட்டுக் காற்று இல்லாத பகல். வான் வண்டி ஒன்றில் வந்து இறங்கினார்கள், பெண்களும் பிள்ளைகளுமாக. இரண்டு ஏசியும் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தன. ஹோலுக்குள் வந்த சம்பந்தி அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆ, குளுகுளுண்டு இரிக்கு," என்றார். நான் சம்பந்திக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஒரு வீட்டின் மின்சாரக் கொள்ளளவை எப்படி அறிவது என்று அவர் கேட்காமலே சொல்லத் தொடங்கினேன். பொறுமையான மனிதர். தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

குசினியில் பற்றிஸ் பலகாரத்தைச் சூடாக்க 'அவன்' அடுப்பு ஓடியது. கேத்தல் கொதித்தது. வந்தவர்கள் தொகையைப் பார்த்து, மாமியும் தன் குசினியில் ஒரு கேத்தலைப் போட்டிருந்தார். இத்தனை பேர் கை கால் கழுவியதில் தாங்கியில் தண்ணீர் முடிந்துவிட்டது. மாமி மோட்டரையும் போட்டார்.

நான், "இவ்வளவுக்கும் பிறகு எங்களுக்கு ஒரு அம்பியர் மிச்சம் கிடக்கு," என்று சொல்லி விரலைத் தூக்கினேன். டக் என்று எல்லாம் நின்றது.

எழுந்துபோய் பிரேக்கரைத் தூக்கிவிட்டேன். ஒன்றையும் நிறுத்தாமல்தான் தூக்கினேன். கணக்கின்படி நிறுத்த வேண்டிய தேவையே இல்லையே. வந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்வதற்குள் மறுபடியும் விழுந்தது. பழைய பிரேக்கர், மாற்றவேண்டும் என்றேன். மூன்றாம் தரமும் விழுந்தபோது ஏசி பூட்டினவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். ஹோலுக்குள் புழுக்கம் ஏறியது. ஏசிக்காக யன்னல்களை எல்லாம் அடைத்து, இடைவெளிக்கு ஸ்பொஞ்சும் வைத்திருந்தேன், அதுவும் என் ஆலோசனை. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. தேத்தண்ணி பாதி பேருக்குத்தான் வந்தது. சம்பந்தி எழுந்து, "பரவால்ல, வெளிய கொஞ்சம் காத்து வரும்," என்று விறாந்தைக்குப் போய் என் ஆராய்ச்சிக் கதிரையில் உட்கார்ந்தார். மெயின் போட் சரியாக அவர் தலைக்கு மேலே.

அவர்கள் போனபின் மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். அவள் சத்தம் போடுகிறவள் அல்ல. அன்றைக்குப் போட்டாள்.

"அம்மா 'புள்ளேய்' எண்டு கூப்பிடுறது என்னத்துக்கெண்டு நினைச்சீங்க?"

"சும்மா... உன்னத் தேடி..."

"தேடியா? மோட்டர் போடப்போறன் எண்டு! நான் கேத்தலக் கழட்டித்துத்தான் ஓம் எண்டு சொல்றன். தண்ணி ஏறி முடிஞ்சா மறுகா கூப்பிடுவா, அதுக்குப் பிறகுதான் நான் திரும்பக் கொழுவுறன். நான் கேக் அவனப் போட்டா அம்மா சோறாக்கமாட்டா. நீங்க வந்த புதுசில ஒருநாள் பிரேக்கர் விழுந்து சாப்பாட்டுக்கு நடுவில இருட்டாப்போய்த்து, உங்களுக்குத்தான் அது மறந்துபோய்த்து. மருமகனுக்குக் குறை வரப்படாதெண்டு அப்பா அண்டைக்குச் சொன்னவர். அண்டையில இரிந்து இப்பிடித்தான். நீங்க அந்த மிசினக் கொண்டுவந்து குந்தியிருந்த கிழமை இன்னும் பாத்துப் பாத்துச் செய்தம், உங்கட ஆராய்ச்சி குழம்பிரும் எண்டு."

"அப்ப இண்டைக்கு ஏன் கூப்பிடல்ல?"

"சம்பந்தியாக்கள் ஹோலுக்குள்ள இரிக்கக்குள்ள, பின்னுக்கு நிண்டு மோட்டர் போடப்போறன் எண்டு கத்தச் சொல்றீங்களா? பொண்ணு வீட்டில கரண்டுக்கும் தட்டுப்பாடு எண்டு நினைக்கமாட்டாங்களா?"

நான் கதிரையைத் தேடி உட்கார்ந்தேன். என் கழித்தலில் பிழை இல்லை. முப்பதில் பதினேழு போனால் இன்றைக்கும் பதின்மூன்றுதான். அந்தப் பதினேழுக்குள் மாமியின் வீடு ஒருநாளும் முழுதாக ஓடியதில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது. மிச்சம் என்று நான் கண்டுபிடித்தது, அவர் எங்களுக்காகப் போடாமல் விட்டது. அதைத்தான் எடுத்து மாப்பிள்ளையின் ஏசிக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். எழுந்து பின்வீட்டுக்குப் போனேன்.

பின்வீட்டில் மாமி கட்டிலில் ஒரு சீலைப் பையை வைத்து, உடுப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, வாசலில் நின்ற மகளிடம் சொன்னார்: "ஏசியக் கழட்டவேணாம் எண்டு தம்பிட்டச் சொல்லு. பூட்டினதக் கழட்டினா அவங்க என்ன நினைப்பாங்க? நான் நாளைக்குப் போறன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "போகவேணாம் மாமி," என்று மட்டும் சொன்னேன். பையை நானே எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் மின்சாரக் கந்தோருக்குப் போய் அங்கிருந்த அலுவலர்களிடம் கேட்டேன். பின்வீட்டுக்குத் தனி வாசல், தனிக் குசினி இருக்கிறதென்றால் தனி மீற்றரே எடுக்கலாம் என்றார்கள். அதிலும் இதே முப்பது அம்பியர். இத்தனை காலமும் யாரும் கேட்காததால் கிடைக்காமல் இருந்திருக்கிறது. மனம் வைத்தால் ஒரு காலைப்பொழுதில் கேட்டுவிடக்கூடிய ஒன்றைத் தவிர்ப்பதற்கு நான் ஒரு கிழமை பிளாஸ்டிக் கதிரையில் இருந்து ஆராய்ச்சி பண்ணியிருக்கிறேன்.

வயரிங் புதிதாகச் செய்ய அதே பழைய மாணவர்தான் வந்தார். பின்வீட்டு முற்றத்தில் நின்று, "இதுக்குள்ள என்னென்ன ஓடும் சேர்? நீங்களும் இஞ்சதானே வரப்போறீங்க," என்று கேட்டார். பதில் என் வாய்க்குள் தயாராக இருந்தது: இரண்டு லைற், ஒரு ஃபேன், ஒரு கேத்தல். வாயை மூடிக்கொண்டேன். "பொறுங்க, மாமியிட்டக் கேட்டுத்து வாறன்," என்றேன்.

மத்தியானம். பின்வீட்டுக்கு அஸ்பெஸ்டஸ் சீற் கூரை. உள்ளே போன மாத்திரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாமி கதவடியில் நிலத்தில் இருந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நானும் நிலத்தில் குந்தினேன். அவருக்கு அது சங்கடமாக இருந்தது, கதிரையை எடுக்க எழும்பப் பார்த்தார்.

"இரிங்க மாமி. இனி உங்கட வீட்டுக்கு வேற லைன் வருது. முன்வீட்டாருக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல. நீங்க ஆருக்கும் சொல்லாம, எந்த நேரமும், என்ன வேணுமெண்டாலும் போடலாம். உங்களுக்கு என்னென்ன வேணும்? சொல்லுங்க."

வாஷிங் மிசின் என்பார், பெரிய பிரிஜ் என்பார் என்று நினைத்தேன். எது கேட்டாலும் வாங்கிக் கொடுப்பது என்று முடிவுசெய்துகொண்டுதான் வந்திருந்தேன். அவர் துருவுவதை நிறுத்தி, யோசித்து, கூரையைப் பார்த்தார்.

"அப்ப, பகலிலயும் ஃபேன் போடலாமா தம்பி?"

எனக்கு விளங்கவில்லை. "ஏன், இப்ப போடுறல்லயா?"

"முந்தி, நீங்க பள்ளிக்கூடத்தில நிக்கிற நேரம் போடுவன். பென்சன் எடுத்த பிறகு நீங்க பகல் முழுக்க வீட்டதானே. இஞ்ச சுத்தினா அங்க உங்களுக்குக் குறைஞ்சிரும் எண்டு..."

ஒரு ஃபேன் இழுப்பது ஒரு அம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. அது சுற்றினாலும் ஒன்றுதான், சுற்றாவிட்டாலும் ஒன்றுதான். முன்வீட்டில் அதனால் ஒரு விளக்குக்கூட மங்காது. இதை மற்றவர்களுடைய பிள்ளைகளுக்கு வருடா வருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன், பின்வீட்டில் இருந்தவருக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்கும் வாய் வரவில்லை. சொன்னால், அந்த வெக்கையில் அவர் இருந்த பகல் எல்லாம் வீண் என்று சொன்னதாகிவிடும்.

"போடலாம் மாமி," என்றேன்.

எழுந்து சுவிட்சை நானே போட்டேன். ஃபேன் ஒருதரம் முனகி, மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. காற்று முகத்தில் பட்டதும், மாமி கழுத்தை நீட்டி, கதவுக்கு வெளியே முன்வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.